இருபத்தைந்தில் ஒரு பங்கு

சென்ற ஏப்ரலில் டெட்ராய்ட்டுக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்த பழைய மாடல் சந்தையில் எட்டு டாலர் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் கார் வாங்கினேன். 1957ம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏர். பெட்டியில் உதிரிப் பாகங்களாக வந்ததை யாரோ ஒரு சிறுவன் அறுபது வருஷங்களுக்கு முன்னால் ஒட்டிச் செய்தது. பசையில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. முன் கண்ணாடியில் பசை வழிந்து வெள்ளைப் படலமாக உறைந்துவிட்டது. சிவப்புப் பெயிண்டில் தூரிகை இழுத்த கோடுகள் அப்படியே தெரிந்தன. நான்கு சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடவில்லை. கூரையின் மேல், நடுவிலிருந்து சற்று இடதுபுறமாக, ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

பெயிண்டின் மேல் பட்ட ரேகை அல்ல அது. பிளாஸ்டிக்கிலேயே பதிந்தது. விரலில் பசை இருந்திருக்கிறது. அந்த விரலால் காரைத் தூக்கியிருக்கிறான். இந்தப் பசை நாம் தபால்தலை ஒட்டும் பசையைப் போன்றதல்ல. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக வைப்பது. விரல் பட்ட இடம் ஒரு நிமிஷம் மெழுகாக இளகி, அவன் கையை எடுத்த பிறகு இறுகிவிட்டது. பிற்பாடு மேலே பெயிண்ட் அடித்திருக்கிறான், ரேகை மறையவில்லை. ஒன்பது பத்து வயதுப் பையனின் விரல். இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இந்த மாடல்களின் அளவு அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அசல் காரின் கூரையில் அதே விகிதத்தில் விரல் பதிந்தால் ஒரு முழத்துக்கும் கூடுதலான பள்ளமாக இருக்கும்.

இப்படிப்பட்ட கார்களை வாங்கிச் சீர்செய்வது என் வழக்கம். காரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் ஓரிரவு வைத்தால் பழைய பசை நொறுங்கும் பதத்துக்கு வரும். பாகங்களை மெதுவாகப் பிரித்துவிடலாம். என் மனைவி துருவிய தேங்காய்ப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் இவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறாள். பிறகு பிரேக் ஆயிலில் ஊறவைத்தால் பெயிண்ட் தோலுரிந்து வரும். மிஞ்சிய மேடு பள்ளங்களை நனைத்த உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம். ஒரு மாதத்தில் கார் அச்சிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல் ஆகிவிடும். இந்தப் பதினைந்து வருஷத்தில் நாற்பது கார்களை இப்படி மீட்டிருக்கிறேன். மீட்டல் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் வாங்கிய கார் இன்னும் மேஜையில் அப்படியே இருக்கிறது. பிரேக் ஆயில் பாட்டிலும் பக்கத்தில் இருக்கிறது. ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்குமுன் வேறு சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பிளாஸ்டிக் கார் ஒட்டுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

*

நான் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு ஊரில். எங்கள் ஊருக்குக் கார் வருவது விசேஷம். வந்தால் எந்தக் காரானாலும் அது ‘பிளஷர்’. நாங்கள் செய்து ஓட்டியது நுங்கு வண்டி. நுங்கு தின்றுபோட்ட பனங்காய்கள் இரண்டு, நடுவே ஒரு குச்சி, அதைத் தள்ள ஒரு கவட்டைக் கம்பு. அது எந்த வண்டியின் நகலும் அல்ல. அதற்கு அளவு கிடையாது. தள்ளுகிறவனின் உயரமே அளவு. மூன்றாம் நாள் பனங்காய் வாடிச் சுருங்கியதும் தூக்கி எறிந்துவிடுவோம். நுங்கு வண்டி சேகரித்தவர்கள் யாரும் உண்டா என்று தெரியவில்லை. இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கோணிய சக்கரத்தைக் கம்பி கம்பியாக முறுக்கி நேராக்குவதில் அவரைச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு கோடையில் என் நுங்கு வண்டியின் குச்சி கோணலாகச் செருகியிருந்ததால் வண்டி இடதுபக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. கடை வாசலில் அதை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வேலையை நிறுத்திச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, என் வண்டியைத் தொடவும் இல்லை. அது பெருந்தன்மையா, அல்லது குழந்தையின் வண்டிக்குச் செலவழிக்க அவரிடம் நேரம் இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டில் எது என்று கேட்கும் வயது எனக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

1991ல் மிஷிகனுக்கு வந்தேன். கார் கம்பெனிகளுக்கு இருக்கைகளின் இரும்புச் சட்டம் செய்துதரும் ஒரு நிறுவனத்தில் வேலை. டிராய் என்ற ஊரில் வீடு பார்த்தோம். கிரேக்கக் காவியத்து நகரத்தின் பெயரைக் கொண்ட அந்த ஊரில் அலுவலகக் கட்டிடங்களும் கார் நிறுத்தும் வெளிகளும்தான் இருந்தன. சின்னக் கார்களின் சரித்திரம் ஒன்று அங்கேயே தொடங்கியிருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

1948ல் டிராயில் ஒரு வழக்கறிஞர் அலுமினியம் மாடல் டாய்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். முதலில் செய்தது ஒரு ஃபோர்டு காரின் அலுமினிய மாதிரி. அதற்கு ஃபோர்டின் அசல் பெயிண்டையே பூசினார்கள். பொம்மைக்கடைக்காகச் செய்யப்பட்டதல்ல அது. கார் விற்கிற இடங்களுக்காகச் செய்யப்பட்டது. வாங்க வருகிறவர் மேஜையில் வைத்து நிறம் பார்க்கலாம். அப்பா காரை ஓட்டிப் பார்க்கிற நேரத்தில் கூட வந்த பையன் கையில் ஒன்றைக் கொடுக்கலாம். பையன் அதை விடமாட்டான் என்பதுதான் கணக்கு. சீக்கிரத்திலேயே பிளாஸ்டிக் வந்தது. அலுமினியம் பெயரில் மட்டும் ஓரெழுத்தாக மிஞ்சி, கம்பெனி ஏ.எம்.டி. ஆயிற்று.

அந்த ஆரம்பகாலப் பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட். வருஷம் ஏற ஏற அது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். 1950களின் ஆரம்பத்தில் செய்த கார்களை இப்போது பார்த்தால் பல கூன் விழுந்த கிழவர்களைப்போல் இருக்கின்றன. யாரும் தொடாமல், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தும் இந்தக் கதி. 1960களின் தொடக்கத்தில் பாலிஸ்டைரீனுக்கு மாறினார்கள். அது முறுக்குவதில்லை.

1958ல் ஏ.எம்.டி. அதே அச்சுகளைக்கொண்டு, ஒட்டாத உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. அந்த வருஷத்துப் புதுக் கார்கள். ஒரு பெட்டியை மூன்று விதமாகக் கட்டலாம்: கடையில் விற்றபடியே, அல்லது அலங்காரங்கள் சேர்த்து, அல்லது பந்தயக் காராக. மூன்றில் ஒன்றைச் செய்தபின் மற்ற இரண்டும் போய்விடும். மிஞ்சிய பாகங்களைப் பையன்கள் சிகரெட் பெட்டியிலும் தகர டப்பாவிலும் போட்டு வைத்தார்கள். அந்த டப்பாக்களும் இப்போது சந்தைக்கு வருகின்றன. அவற்றுக்கும் விலை உண்டு.

*

டெட்ராய்ட் கம்பெனிகள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் காரின் முகத்தை மாற்றின. சின்னக் கார்களும் மாற வேண்டியிருந்தது. எஃகு அச்சு வெட்டுவது பெருஞ்செலவு. ஆகவே பெரும்பாலும் சென்ற வருஷத்து அச்சையே எடுத்து, புது வருஷத்துக் காருக்கு ஏற்ப மாற்றி வெட்டினார்கள்.

இந்த வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைச் சந்தையில் பார்த்துப் பழக்கமாயிற்று. தொண்ணூறை நெருங்கியவர். கைகள் மட்டும் நடுங்காதவர். அவர் சொன்னது: அச்சில் எஃகைக் குடைந்து எடுத்தால் பிளாஸ்டிக் அந்த இடத்தில் மேடாக வரும். அது சுலபம். மேட்டைக் குறைக்க வேண்டுமென்றால் குடைந்த இடத்தில் எஃகை வெல்ட் வைத்து நிரப்பி மறுபடியும் செதுக்க வேண்டும். அது கஷ்டம். எப்படியானாலும் புதுக் கார் வந்துவிட்டால் பழைய கார் போனதுதான். சென்ற வருஷத்து அச்சு எங்கே என்று யாராவது கேட்டால், இதோ இந்த வருஷத்து அச்சுக்குள்ளேதான் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது என்பாராம். அதை அவர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை.

1960களில் அந்தந்த வருஷத்துக்கென்று வந்த பெட்டிகளுக்கு இன்று அவ்வளவு விலை இருப்பதற்குக் காரணம் இதுதான். திரும்ப அச்சடிக்க முடியாது. அண்மைக் காலத்தில், பிழைத்திருக்கும் பழைய பிரதி ஒன்றை அளந்து புதிதாக அச்சு வெட்டும் வேலையும் நடக்கிறது. அது வேறு காரியம். தொலைந்த ஓலையை மனப்பாடம் வைத்திருந்தவர் சொல்லக் கேட்டு எழுதுவதைப்போல.

நான் வாங்கிய 1957 ஷெவர்லே இந்த வரிசையைச் சேர்ந்ததல்ல. அந்தக் கார் சாலையில் வந்து ஐந்தாறு வருஷம் கழித்து, பழைய கார் என்று தெரிந்தே செய்த மாடல் அது. அடுத்த வருஷத்துக்காக மாற்ற வேண்டிய அவசியம் இல்லாததால் அதன் அச்சு பிழைத்தது. கம்பெனிதான் பிழைக்கவில்லை; 1978ல் லெஸ்னியிடம் போய், 1980களில் எர்ட்டிலிடம் போய், இந்த நூற்றாண்டில் ரவுண்டு 2 என்ற நிறுவனத்திடம் சேர்ந்தது. கைமாறிய காலமெல்லாம் அந்த ஷெவர்லேயைத் திரும்பத் திரும்ப வார்த்தார்கள். ஆகவே 1963ல் ஒரு பையன் பிரித்த பெட்டியும் 1998ல் நான் வாங்கிய பெட்டியும் ஒரே எஃகிலிருந்து வந்தவை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

*

பெட்டிகளைச் சேகரிப்பவர்களில் இரண்டு வகை. ஒருவர் பெட்டியை வாங்கினால் ஒட்டிவிடுவார். இன்னொருவர் மேலே சுற்றிய மெல்லிய தாளைக்கூடக் கிழிக்க மாட்டார். பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை. உள்ளே எல்லாப் பாகமும் இருக்கிறதா, ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்க்க முடியாது. பார்த்தால் விலை போய்விடும். நம்பிக்கையின் பேரில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. சென்னையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். மூர் மார்க்கெட் 1985ல் எரிவதற்கு முன்னால் அங்கே சிற்றேடுகள் பொறுக்கியவர். அவரிடம் பக்கம் வெட்டாத இதழ்கள் சில இருக்கின்றன. இன்றுவரை வெட்டவில்லை. “உள்ளே என்ன கவிதை ஐயா?” என்று கேட்டேன். “நல்ல கவிதைதான்,” என்றார். அவர் பெட்டியில் இன்னொன்றும் பார்த்தேன். இதழ்களின் நடுவே குத்திய பின் துருப்பிடித்து, தாளைச் சுற்றிலும் பழுப்பாக அரித்திருந்தது. இதழைச் சேர்த்துப் பிடிக்கக் குத்தியதுதான் அந்தப் பின்.

கார்களிலும் இது நடக்கிறது. சக்கரம் பாலிஸ்டைரீன், டயர் வினைல். வினைல் கெட்டியாக இல்லாமல் ரப்பர்போல் மிருதுவாக இருப்பதற்காக அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைச் சேர்க்கிறார்கள். வருஷக்கணக்கில் பெட்டிக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அந்த எண்ணெய் கசிந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். சக்கரத்தைச் சுற்றி, பாகின் ஓரம்போல, உருகிய தடம் இருக்கும். பிரிக்காத பெட்டியென்றால் டயர் எந்தப் பாகத்தின் மேல் சாய்ந்து கிடந்ததோ அது பள்ளமாகியிருக்கும். கண்ணாடி மேல் கிடந்திருந்தால் கண்ணாடியில் வட்டம் விழுந்திருக்கும். நல்ல சேகரிப்பாளர்கள் டயர்களைத் தனிப் பையில் எடுத்து வைக்கிறார்கள். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

என்னிடம் நூற்றுச் சொச்சம் பெட்டிகள் இருக்கின்றன. பாதி பிரித்தவை, பாதி பிரிக்காதவை. எந்தக் கட்சியிலும் நான் ஒழுங்காக இல்லை.

*

இங்கே என் கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை. 1982ல் ஒரு சிற்றேட்டில் என் முதல் கவிதை வந்தது. இருபத்தெட்டு வரிகளாக அனுப்பினேன், பதினொன்றாக வந்தது. ஆசிரியர் எனக்குச் சொல்லவில்லை. கடைசி இரண்டு வரிகள் நான் எழுதியவையே அல்ல. நான் எழுதியிருந்த நாலு வரிகளை அவர் உடைத்து இரண்டாக்கியிருந்தார். நண்பர்கள் அந்த இரண்டு வரிகளைத்தான் பாராட்டினார்கள். ஒருவர் டீக்கடையில் அவற்றை மனப்பாடமாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. கொஞ்சநாளில் அவற்றை நானே எழுதியதாக நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். அடுத்தாற்போல் எழுதியவற்றில் அப்படி இரண்டு வரி வரவில்லை. ஏன் வரவில்லை என்று மூன்று நான்கு வருஷம் என்னையே நொந்துகொண்டு, பிறகு விட்டுவிட்டேன். ஆசிரியர் நல்லவர், நல்ல கவிதை வரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இருந்திருக்காது. அந்தப் பதினொரு வரிகள் என் இருபத்தெட்டைவிட மேல் என்பதிலும் சந்தேகமில்லை.

*

1998 ஜனவரி. வெளியே முழங்கால் உயரப் பனி. என் மகனுக்கு ஒன்பது வயது. கடைக்குக் கூட்டிப்போய் நான்தான் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அந்த 1957 ஷெவர்லேதான். அப்போது எனக்கு இந்த மாடல்களின் சரித்திரம் ஒன்றும் தெரியாது. பெட்டியின் மேலிருந்த படம் நன்றாக இருந்தது. எங்கள் ஊருக்கு வந்த பிளஷர் ஒன்றின் வால் அப்படித் தூக்கி இருந்ததாக ஞாபகம், அவ்வளவுதான்.

அந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே பிள்ளைகளுக்குக் கார் செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று அலுவலகத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1930 முதல் 1968 வரை ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு சிறுவர்களுக்கென்று ஒரு போட்டி நடத்தியது. ஆரம்பத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றின் சின்ன மாதிரியைச் செய்ய வேண்டும். பிற்பாடு, சொந்தமாகக் கற்பனை செய்த காரை அசலில் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்ய வேண்டும். ஜெயித்தவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான பணம். அப்படி வந்தவர்களில் சிலர் பின்னால் அசல் கார்களை உருவாக்கும் இடத்துக்கே போனார்கள். பையன்களின் கைவேலையைப் பெரியவர்கள் உட்கார்ந்து மதிப்பிட்டுப் புள்ளி போட்ட ஊர் அது. நான் வந்தபோது அந்தப் போட்டி நின்று இருபத்திமூன்று வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் அதன் காற்று என்மேலும் பட்டிருக்க வேண்டும்.

நிலவறையில் மேஜைபோட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். முறுக்கி ஒடிக்கக் கூடாது. அவன் முறுக்கி ஒடித்தான். வெட்டிய இடத்து முனையைத் தேய்க்க வேண்டும். அவன் தேய்க்கவில்லை. பசைக் குழாயைத் திறந்ததும் மூக்கைச் சுளித்து, “அப்பா, கடுகு வாசனை,” என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதன் காரணத்தைப் பின்னால் படித்தேன். 1960களில் பையன்கள் பசையை முகர்ந்து மயங்கும் பழக்கம் வந்து பெரிய கவலையாகிவிட்டது. 1969ல் டெஸ்டர்ஸ் கம்பெனி தன் பசையில் கடுகெண்ணெயின் காரமான சத்தைச் சேர்த்தது, முகர்ந்தால் மூக்கு எரியட்டும் என்று. அன்றைக்கு இது தெரியாமலே, தாளிக்கிற வாசனை என்று இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மாலையில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

மற்ற நேரமெல்லாம் நான், “பொறு, காயட்டும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் காய விடவில்லை. வெள்ளி முலாம் பூசிய முன் பம்பரைத் தலைகீழாக ஒட்டிவிட்டான். என்ஜின் சாய்ந்தது. இருந்தாலும் ஒன்பதரை மணிக்குக் காரை முடித்துவிட்டான். தன் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தூக்கி அம்மாவிடம் காட்டிவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லியிருக்காவிட்டால் நான் சும்மா இருந்திருப்பேன் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அது உண்மையாக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. பசை முழுதாக இறுகவில்லை. கத்தியை இடுக்கில் விட்டால் பாகங்கள் விட்டுக்கொடுக்கும். பம்பரைப் பிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்ஜினை எடுத்து நேராக வைத்தேன். கதவோரத்து வழிசலைத் தேய்த்தேன். கூரையில் ஒரு விரல் பதிந்திருந்தது. அதையும் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். மேலே பெயிண்ட் தெளித்தேன். இரவு இரண்டு மணி இருக்கும், படியில் என் மனைவி நின்றிருந்தாள்.

“அவன் செஞ்சதை ஏன் பிரிக்கிறீங்க?”

“பிரிக்கல. சரிபண்றேன்.”

அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விளக்கை அணைக்காமல் மேலே போனாள்.

காலையில் அவன் காரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. செய்தித்தாளில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனான். சாயங்காலம் கொண்டுவந்து தன் அலமாரியில் வைத்தான். அதற்குப் பிறகு மாடல் பெட்டி எதையும் அவன் என்னிடம் கேட்கவில்லை. நான் வாங்கிவந்த இரண்டாவது பெட்டி திறக்காமலே கிடந்தது. என் சேகரிப்பில் பிரிக்காத பெட்டி என்ற வகையில் முதலாவது அதுதான்.

இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இதற்கு நான் கொடுத்துவந்த பொருள் இது: அவன் பார்த்துவிட்டான். தன் காரைத் தகப்பன் இரவில் பிரித்துத் தன்னுடையதாக்கிக்கொண்டான் என்று தெரிந்து, மனம் விட்டுப்போய், தொடாமல் விட்டான். பிற்பாடு நான் சந்தை சந்தையாகப் போய்க் கோணலாக ஒட்டிய கார்களை வாங்கிக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாங்கிய ஒவ்வொன்றையும் நான் சரிசெய்துகொண்டேதான் இருந்தேன். இதை யோசித்துப் பார்த்ததே ஏப்ரலுக்குப் பிறகுதான்.

*

என் மகன் இப்போது சியாட்டிலில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். சந்தையில் வாங்கிய காரைப் பற்றிச் சொன்னேன். அதே ஷெவர்லே என்றதும் அவன் குரல் மாறிற்று. சந்தோஷமாகத்தான் மாறிற்று.

“நான் ஒண்ணு பண்ணினேனே அப்பா, ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல டீச்சர் அதை ஜன்னல்ல ஒரு வாரம் வச்சிருந்தாங்க. ஒம்பது வயசுல எப்படி அவ்வளவு நல்லா பண்ணினேன்னு எனக்கே தெரியல.”

நான் பேசவில்லை. அவன் பேசிக்கொண்டே போனான். ராத்திரி அவசரமாக முடித்தபோது அவ்வளவு நன்றாக வந்ததாகத் தோன்றவில்லையாம். காலையில் பார்த்தபோது நன்றாக இருந்ததாம். காய்ந்தால் அப்படி ஆகிவிடும்போல என்று நினைத்தானாம். நான்தானே ஐம்பது தடவை சொல்லியிருந்தேன், காயட்டும், காயட்டும் என்று.

அதன்பின் அவன் சொன்னது எனக்குத் தெரியாதது. அந்த வசந்தத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் இன்னொரு பெட்டியை வாங்கி ஒட்டியிருக்கிறான். தனியாக. எனக்குக் காட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று. அசிங்கமாக வந்ததாம். ஓரிரவு காய வைத்துப் பார்த்திருக்கிறான். காலையிலும் அசிங்கமாகவே இருந்ததாம். குப்பையில் போட்டுவிட்டான். “முதல் தடவை ஏதோ அதிர்ஷ்டம். அப்புறம் வரல. விட்டுட்டேன்,” என்றான், சிரித்துக்கொண்டே. பெரியவன் சின்ன வயசைப் பற்றிச் சிரிக்கிற சிரிப்புதான் அது. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. குற்றச்சாட்டு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்; அதற்கான பதிலை வெகுகாலமாகத் தயாராக வைத்திருந்தேன்.

போனை வைத்தபின் நிலவறைக்குப் போய் அவனுடைய ஷெவர்லேயைத் தேடி எடுத்தேன். வீடு மாறியபோது டிஷ்யூத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தது. டயர்கள் சக்கரங்களைத் தின்றிருந்தன. நான்கிலும் உருகிய தடம். கூரை மட்டும் மழமழவென்று இருந்தது. அதையும் ஏப்ரல் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே எஃகிலிருந்து வந்த இரண்டு கூரைகள். ஒன்றில் யாரென்று தெரியாத ஒரு பையனின் விரல் இருக்கிறது. மற்றதில் யாருடையது இருக்கவேண்டுமோ அது இல்லை. என் உப்புத்தாள் போன தடம், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், லேசாகத் தெரிகிறது.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. “நீங்களே சொல்லிடுங்க,” என்றாள். “என்னன்னு சொல்ல?” என்றேன். முப்பத்தைந்து வயசுக்காரனிடம் போய், நீ ஒன்பது வயதில் செய்த ஒரே நல்ல கார் உன்னுடையது அல்ல என்று சொல்வதா? அல்லது இரண்டாவதாகச் செய்து குப்பையில் போட்டாயே, அதுதான் உன்னுடையது, அது அசிங்கமாக இருந்திருக்க வழியில்லை என்று சொல்வதா? இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்ல முடியும். முதலாவதைப் பிடுங்காமல் இரண்டாவதைக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும், குப்பையில் போனது போனதுதான். அதற்கு அச்சு கிடையாது.

“டீச்சர் ஜன்னல்ல வச்சதை நினைச்சு அவன் சந்தோஷமா இருக்கான். இருந்துட்டுப் போகட்டுமே,” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். 1998லும் இதே குரலில் ஏதோ சொன்னேன்போலிருக்கிறது.

என் மகனுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும். படிக்க வராது. அவனுக்குச் சொல்லவேண்டியதை முதலில் இங்கே, அவனால் படிக்க முடியாத எழுத்தில், இருநூறு முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதில் இருக்கிற கோழைத்தனம் எனக்குத் தெரிகிறது. எழுதினால் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அது அப்படி ஆகாது. ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கட்டுரையில் கோணலாக இருப்பதை அப்படியே விட்டுவிடவும்.

நவம்பரில் வருகிறான். பிரேக் ஆயிலை எடுத்துக் கார்க் கொட்டகையில் வைத்துவிட்டேன். இரண்டு கார்களும் மேஜையில் இருக்கின்றன.